தண்டலப் பட்டினி போட்ட கதை

வா தாயி, இங்கன உக்காரு. அந்த பெஞ்சுக்கு ஒரு காலு ஆடும். காலையில இருந்து பாக்கேன், உக்காருத எல்லாரும் ஒரு தடவ பதறி எந்திரிக்காவ. மடியில என்ன, மொசலா? நல்ல வெள்ளவெளேர்னுல்லா இருக்கு. என்ன செய்யுது அதுக்கு? பல்லு வளந்துட்டா? அத சும்மா நறுக்கி விட்டுருவாவ, பயப்படாத. பூன பக்கத்துல இருக்குன்னும் பயப்படாத. கூடைக்குள்ள துண்டப் போத்திக்கிட்டுக் கெடக்கான் பாரு. இவன் உம் மொசல ஏறெடுத்தும் பாக்க மாட்டான். இதே ஆடி மாசத்துக்கு முந்தின்னா நானே உன்ன அந்தக் கடைசியில போயி உக்காருன்னு சொல்லியிருப்பேன்.

பேரு தண்டல். சிரிக்காத. எந்த ஊரு நீ, ஆறுமுகநேரியா? அப்ப உனக்குத் தெரிஞ்சிருக்காது. எங்க தூத்துக்குடியில சரக்கு ஏத்திக்கிட்டுப் போற தோணி இருக்குல்லா, அதுல எல்லாரையும் அதிகாரம் பண்ணி வேல வாங்குதவருக்குப் பேரு தண்டல். எனக்குப் பழைய துறைமுகத்துப் பக்கம் மெஸ்ஸு. பவுலின் மெஸ்ஸுன்னு யாரக் கேட்டாலும் கை காட்டுவாவ. நான்தான் பவுலின். தோணிக்காரங்க, லோடுமேனு, உப்பளத்து லாரிக்காரங்க, எல்லாருக்கும் நம்மகிட்டதான் சாப்பாடு. இவன் கையகலக் குட்டியா வந்தவன், பரிமாறுத எடத்துக்கு நடுவுல உக்காந்துக்கிட்டு, யாரு எலையில என்ன விழுதுன்னு ஒவ்வொருத்தரையா மொறச்சுப் பாப்பான். 'என்னக்கா, எங்க தண்டலு மாதிரியே மொறைக்கான்'னு தோணிக்காரரு ஒருத்தரு சொன்னாரு. அதே பேரா நெலச்சுப் போச்சு. இப்பப் பதிமூணு வயசு. பூனைக்கு அது கெழட்டு வயசாம். இந்த டாக்டரம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும். எங்கிட்ட அவன் கெழவன் மாதிரி ஒருநாளும் நடந்துக்கிடல.

ஆடியிலதான் வாயில எச்சி வடிய ஆரம்பிச்சுது. நான் என்ன நெனச்சேன் தெரியுமா? மீனு பொரிக்கிற வாசத்துக்கு நாக்கு ஊறுதாக்கும்னு நெனச்சு, ரெண்டு துண்டு கூடப் போட்டேன். தின்னான். தின்னாலும் பாதி ஒரு ஓரமா வெளிய விழுந்துது. வயசுப்பையன் திமிருன்னு வெச்சுக்கிட்டேன். எங்க வீட்டுக்காரவதான் ஒருநாளு அவனத் தூக்கி மோந்து பாத்துட்டு, 'இந்த வாயில நாத்தம் வருது பவுலினு, மீனு நாத்தம் இல்ல'ன்னாவ. அந்த மனுசனுக்கு வாயத் தொறந்தா முத்து உதிந்துரும், ஒரு நாளைக்கு நாலு வார்த்த பேசுனா பெருசு. அவ்வோளே சொல்லுதாவன்னா சும்மா இருக்க முடியுமா? இங்க கொண்டாந்தோம்.

டாக்டரம்மாவப் பாத்திருக்கியா? சின்னப் பிள்ள. எம் மக வயசுதான் இருக்கும். கொற சொல்லக் கூடாது, கையி பதனமாத்தான் இருக்கும். அவ்வோ இவன் வாயத் தொறக்கப் பாத்தாவ, இவன் கீறி விட்டுட்டான். அப்பிடியும் கொஞ்சம் பாத்துட்டு என்ன சொன்னாவன்னா, நாக்குக்கு அடியில வீக்கம் இருக்கு. பல்லு அழுகி அதுல சீழு வெச்சதாவும் இருக்கலாம், அப்பிடின்னா பல்லப் புடுங்கி மருந்து குடுத்தா சரியாயிரும். இல்ல, கெட்ட கட்டியாவும் இருக்கலாம். எதுன்னு தெரியணும்னா மயக்கம் குடுத்து, வாய முழுசாத் தொறந்து பாத்து, படம் எடுத்து, சதையில துளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பணும். முழிச்சிருக்கும்போது ஒண்ணும் முடியாதுன்னாவ.

நான் கேட்டேன், 'வயசான உயிரும்மா, மயக்கத்துல இருந்து முழிக்காமப் போயிட்டான்னா?'

'முழிப்பான்னு சத்தியம் பண்ண என்னால முடியாதும்மா. ரத்தம் பாத்திருக்கேன், கிட்னி கொஞ்சம் சோந்து போயிருக்கு, ஆனா தாங்குவான்னு நெனைக்கேன். பாக்காம விட்டா என்னன்னே தெரியாமப் போயிரும்.'

என்ன பேச்சு பாத்தியா? ஒரு டாக்டரு 'நெனைக்கேன்'னு சொல்லலாமா? நான் கொழம்பு வெச்சுட்டு, நல்லாருக்கும்னு நெனைக்கேன்னு சொன்னா எவன் எலையில உக்காருவான்?

வீட்டுல போயி ரெண்டு பேரும் உக்காந்து யோசிச்சோம். எங்க வீட்டுக்காரவ, 'பாத்துருவோம். பல்லா இருந்தா பொழச்சுக்கிடுவான்லா'ன்னாவ. எனக்கு மனசே இல்ல. கத்தி வெக்கிறதுக்குன்னாலும் ஒரு அர்த்தம் இருக்கு. வெறுமனே பாக்கிறதுக்கா இந்தக் கெழட்டு உயிர மயக்கிப் போடணும்? அடுப்புல என்ன வேவுதுன்னு பாக்க சட்டியவே ஒடைக்கிற மாதிரில்லா இருக்கு. ஆனாலும் பாரு, கடைசியில சரின்னு சொன்னது நான்தான். இத நல்லா ஞாபகம் வெச்சுக்க. சரின்னு மொதல்ல சொன்னது நான். எங்க வீட்டுக்காரவ இப்ப என்னென்னமோ சொல்லிக்கிட்டுத் திரியுதாவ.

பொறவுதான் அந்தச் சட்டத்தச் சொல்லுதாவ. முந்துன நாளு ராத்திரியில இருந்து அவனுக்குச் சோறு தண்ணி எதுவும் குடுக்கக் கூடாதாம். வெறும் வயித்தோட கொண்டாரணுமாம்.

நீயே சொல்லு, இது எந்த ஊரு நியாயம்? நமக்கு ஒரு ஊசி போட்டாலே 'சாப்ட்டுட்டு வந்தீங்களா'ன்னுதானே மொதல்ல கேக்காவ? வெறும் வயித்துல ஊசி போட்டா மயக்கம் வந்துருமேன்னு நான் சொன்னேன். டாக்டரம்மா சிரிச்சிட்டாவ. மயக்கத்துல வாந்தி வந்தா அது நுரையீரலுக்குள்ள போயிரும், மூச்சு அடச்சு அங்கனயே போயிரும்னு வெளக்கமாச் சொன்னாவ. வெளங்கத்தான் செஞ்சுது. காதுக்கு வெளங்குது, கைக்கு வெளங்கல்லியே தாயி. எங்க மெஸ்ஸுல தோணிக்குப் போறவன் விடிய முந்தி வந்து நின்னாலும் ரெண்டு இட்லியாவது உள்ள தள்ளாம நான் விட்டதில்ல. காசு இல்லன்னாலும் சாப்பிட்டுட்டுத்தான் போவணும். தண்ணியில போற உயிர வெறும் வயித்தோட அனுப்ப எனக்கு ஆவாது. இவன் போறது அதவிடப் பெரிய தண்ணியில்லா?

மொத தடவ ராத்திரி முழுக்க நான் ஒண்ணும் குடுக்கல. சத்தியமாக் குடுக்கல. காலையில சோறு வடிக்கிறேன், காலச் சுத்திச் சுத்தி வந்து கத்துதான். கத்தக்கூட இல்ல, வாயத் தொறக்குதான், சத்தம் வரல. அந்த மூஞ்சியப் பாத்தா உனக்கும் கை நிக்காது. வெளமீன் சொதியில மேலாப்புல ஒரு கரண்டி. அதுலயும் சதையே இல்ல, வெறும் தண்ணி மாதிரிதான். இங்க வந்ததும் டாக்டரம்மா, 'ஏதாவது குடுத்தீங்களா?'ன்னாவ. 'ஒண்ணும் குடுக்கல'ன்னேன். வேற என்னத்தச் சொல்ல? குடுத்தேன்னு சொன்னா திருப்பி அனுப்பிருவாவளே. மொதல்ல ஒரு சின்ன ஊசி போட்டாவ. போட்ட கொஞ்ச நேரத்துல மேச மேலயே வாந்தி எடுத்துட்டான். மீனு. சதையுந்தான் கொஞ்சம் இருந்துருக்கும் போல. டாக்டரம்மா மூஞ்சி செவந்து போச்சு. 'பெரிய மயக்கத்துல இருக்கும்போது இது வந்திருந்தா நீங்களேதான் கொன்னுருப்பீங்க'ன்னு எல்லாரும் இருக்கும்போது சொல்லிட்டாவ. சின்னப் பிள்ள, பெரியவங்ககிட்ட எப்பிடிப் பேசணும்னு தெரியல. சவத்த விடு.

திரும்பி ஆட்டோவுல வாரோம். இவன் என் மடியில படுத்துக்கிட்டு வெளிய வேடிக்க பாக்கான். எனக்கு, உங்கிட்டச் சொல்லுததுக்கு என்ன, அப்பிடி ஒரு சந்தோசம். உசுரோட வீட்டுக்குக் கொண்டு போறேன்லா. அன்னைக்கு மத்தியானம் ஊளி மீனு அவிச்சு முள்ளெடுத்துக் குடுத்தேன். பாதியாவது தின்னான்.

ரெண்டாவது தடவ எங்க வீட்டுக்காரவ அவனச் சாமான் அறையில போட்டுப் பூட்டித் தொறவுகோல எடுத்து மடியில சொருவிக்கிட்டாவ. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. திருட்டுப் பயலுக்குக் காவல் மாதிரி. நான் ஒண்ணும் பண்ணல. காலையில எறங்கிப் போயி, கதவுக்கு அடியில இருக்க இடுக்கு வழியா, இருக்கானா செத்தானான்னு விரலத்தான் நீட்டுனேன். நெத்திலி ஆஞ்ச கை, கழுவாம இருந்துருக்கும். நக்கிட்டான். நக்குறதும் திங்கிறதும் ஒண்ணா? ரெண்டு நெத்திலி விரலோட விரலா ஒட்டிக்கிட்டுப் போயிருந்தா அதுக்கு நான் என்ன செய்ய முடியும்? கதவத் தொறந்தப்ப வாசப்படியில தல மட்டும் ரெண்டு கெடந்துது. எங்க வீட்டுக்காரவ அதப் பாத்துட்டு டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு, இன்னைக்கு வரலன்னு சொல்லிட்டாவ. அன்னைக்கு முழுக்க எங்கூடப் பேசல. அவ்வோ பேசாம இருக்கதுக்கும் பேசுததுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கவே சாயங்காலம் ஆயிட்டு.

மூணாவது தடவதான் கேளு. இதுல என் தப்புன்னு எவனும் ஒரு சொல்லு சொல்ல முடியாது. எங்க தெருவுல ரஞ்சிதம் டீச்சருன்னு ஒரு அம்மா. தனியா இருக்காவ, மீனு கூடச் சமைக்க மாட்டாவ, சுத்த சைவம். 'என் வீட்டுல ராத்திரி விட்டுட்டுப் போங்க, நான் பாத்துக்கிடுதேன்'னாவ. நான் மறு பேச்சுப் பேசாம, என் கையாலயே கொண்டு விட்டேன். ஒரு ராத்திரி முழுக்க நம்ம பிள்ளைய வெச்சுக்கிடுதாவ, சும்மா கையோட போக முடியுமா? டீச்சருக்குன்னு ஒரு தூக்குவாளியில கொஞ்சம் தயிர்ச் சோறும், பருப்புத் தொவையலும் கொண்டு போயி வெச்சேன். சைவந்தான், மீனெல்லாம் இல்ல. டீச்சரு காலையில எந்திரிச்சுப் பாக்காவ, வாளி மூடி தொறந்து கெடக்கு, இவன் தலைய உள்ள விட்டுக்கிட்டு நிக்கான். நோவுற வாய வெச்சுக்கிட்டு அவ்வளவு தயிர்ச் சோறும் தின்னிருக்கான்! மூடிய இறுக்கிப் போடாதது டீச்சரா, நானா? நீ சொல்லு. நான் லேசாத்தான் மூடியிருந்தேன், அது உண்மதான். சூடு ஆறாம இறுக்கி மூடுனா தயிரு புளிச்சுரும்லா.

அன்னைக்குத்தான் எங்க வீட்டுக்காரவ வாயத் தொறந்தாவ. ஆசுபத்திரிக்குன்னு வந்த ஆட்டோவுல, அந்த ஆட்டோக்காரன் முன்னாலயே. 'நீ வேணும்னேதான் செய்யுத பவுலினு. அவன் மயங்கக் கூடாது, நீயும் வேண்டாம்னு சொல்லக் கூடாது. சோத்தப் போட்டு நாளக் கடத்துத'ன்னாவ.

எப்பிடி இருக்கு? இத்தன வருசம் நான் பொங்கிப் போட்டதத் தின்னுட்டுச் சொல்லுத சொல்லாக்கும் இது. நான் எதுக்கு நாளக் கடத்தப் போறேன்? சரின்னு மொதல்ல சொன்னதே நான்தானேன்னு உங்கிட்டச் சொன்னேன்லா? ஆட்டோக்காரன் கண்ணாடியில என்னப் பாக்கான். நான் கூடைய இழுத்து மடியில வெச்சுக்கிட்டேன். டாக்டரம்மாவும், 'இனிமே நீங்களா முடிவு பண்ணி, மனசோட வரும்போது வாங்கம்மா'ன்னுட்டாவ. மனசோடதான் வந்தேன் மூணு தடவையும். வேற யாரு மனசோட வந்தேனாம்?

பொறவு மழ வந்துட்டு. கடலுக்கு யாரும் போவல, மெஸ்ஸுல ஈ ஓட்டிக்கிட்டு இருந்தோம். நல்லா வேலை இருந்தா நான் கவனிச்சிருக்க மாட்டேன். சும்மா இருக்கயிலதான் இவனப் பாத்துக்கிட்டே இருந்தேன். தாடையில ஒரு பக்கம் எலுமிச்சங்காய் அளவுக்குப் பொடச்சுக்கிட்டு வந்துட்டு. தன்ன நக்கிச் சுத்தம் பண்ணுதத விட்டுட்டான். எவ்வளவு சுத்தக்காரன் தெரியுமா! ஒரு சொட்டுக் கொழம்பு மேல தெறிச்சாலும் அது போறவரைக்கும் நக்கிக்கிட்டே இருப்பான். இப்ப முடியெல்லாம் சிக்குப் புடிச்சுப் போச்சு, நாந்தான் ஈரத் துணியால தொடச்சு விடுதேன். மொதல்ல சதையத் தள்ளுனான், பொறவு சோத்துத் தண்ணியத் தள்ளுனான், பொறவு பால. கிண்ணத்துக்குப் பக்கத்துல போயி உக்காருவான், மோப்பான், என்னப் பாப்பான். அவ்வளவுதான். பசிக்குது, திங்க முடியல. அத நின்னு பாக்கணுமே தாயி. எத்தனையோ பேருக்குச் சோறு போட்டவ, ஒருத்தன் எதுக்க உக்காந்து பசியோட பாக்கயில எங்கையில ஒண்ணுமில்ல.

அதான் இன்னைக்குக் கொண்டாந்தேன். யாரும் சொல்லல, நானாத்தான் கெளப்பிக்கிட்டு வந்தேன். டாக்டரம்மாகிட்டச் சொன்னேன், 'அம்மா, இப்ப எடுங்க அந்தப் படத்த. மயக்கத்தக் குடுங்க. நேத்து முந்தாநாளெல்லாம் அவன் பச்சத் தண்ணி குடிக்கல, இந்தத் தடவ நான் பொய் சொல்லல'ன்னேன். அவ்வோ ஒண்ணும் திட்டல. திட்டியிருந்தா நல்லாருந்துருக்கும். தொட்டுப் பாத்தாவ, ரத்தம் எடுத்துப் பாத்தாவ. பாத்துட்டு எங்கிட்டச் சொல்லாம எங்க வீட்டுக்காரவளப் பாத்துச் சொல்லுதாவ. கிட்னி ரெண்டும் போயிட்டாம். ரத்தமே இல்லையாம் உடம்புல. இனிமே மயக்கம் குடுத்தா அவன் முழிக்க மாட்டான், முழிச்சாலும் செய்யிறதுக்கு ஒண்ணுமில்ல, இனி எந்தச் சோதனையும் வேண்டாங்காவ.

'அப்ப அது பல்லா, கட்டியா?'ன்னு கேட்டேன்.

'அது இனிமே தெரியாதும்மா'ன்னாவ.

பல்லா இருந்தா அன்னைக்கே புடுங்கியிருக்கலாம். கட்டியா இருந்தா, அப்ப நான் அவனப் பட்டினி போடாம விட்டதுதானே சரி? ஏதாவது ஒண்ணு தெரியணும்லா? எதுன்னு தெரியாமயே நான் மிச்ச நாளு எப்பிடிப் படுத்துத் தூங்குவேன், சொல்லு. வீட்டுக்காரவகிட்டக் கேக்க முடியுமா? அவ்வோ பல்லுன்னுதான் சொல்லுவாவ.

பொறவு டாக்டரம்மா வெளிய வந்து எம் பக்கத்துல இங்கனதான் உக்காந்தாவ, நீ இருக்க எடத்துல. அவன் ரொம்பக் கஷ்டப்படுதான்மா, ரெண்டு ஊசியில வலி தெரியாம அனுப்பி வெச்சிரலாம்னாவ. மொத ஊசி மயக்கத்துக்குத்தானாம். கேட்டியா? எந்த மயக்கத்துக்கு நான் பயந்தேனோ, அதே மயக்கம். நான் உடனே, 'அப்ப வெறும் வயித்தோட இருக்கணுமா?'ன்னு கேட்டேன். வேற என்ன கேக்கன்னு தெரியல எனக்கு.

'இல்லம்மா. இனிமே பட்டினியெல்லாம் வேண்டாம். அவனுக்கு என்ன புடிக்குமோ, அதெல்லாம் குடுங்க'ன்னாவ.

பாத்தியா! இத்தன மாசமும் நான் என்ன சொன்னேன்? குடுக்கலாம்னுதானே சொன்னேன்? இன்னைக்கு அவ்வோ வாயாலயே சொல்லிட்டாவ. எனக்கு ஒரு நிமிசம், நான் ஜெயிச்சிட்டேன்னே தோணிப் போச்சு தாயி. பொறவுதான் வெளங்குச்சு. என்ன வேணும்னாலும் குடுங்கன்னு ஒரு டாக்டரு எப்பச் சொல்லுவாவ? எனக்குத் தெரியாமயா இருக்கு?

எங்க வீட்டுக்காரவ உள்ளதான் பேசிக்கிட்டு நிக்காவ. ஊசியெல்லாம் எடுத்து வெச்சுட்டுக் கூப்பிடுவாவ. அதுக்குள்ள நீ இந்தத் தூக்கு மூடியக் கொஞ்சம் புடி. உம் மொசலு முழிக்காது, மெல்ல. வெளமீனு, காலையில அவிச்சது. உப்பு ஒறப்பு ஒண்ணும் போடல. முள்ளெல்லாம் எடுத்துப் பெசஞ்சு வெச்சிருக்கேன், தண்ணி மாதிரி. ஏ தண்டலு. தண்டலு, இங்க பாரு. அம்மா கையப் பாரு. மோந்து பாருல. வாயத் தொற. பூட்டு கீட்டு ஒண்ணுமில்லல இன்னைக்கு, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ, டாக்டரம்மாவே சொல்லிட்டாவ. ஒதட்டுல வெக்கேன் பாரு. இந்தா. இந்தா நக்கு. ஒரே ஒரு வாட்டி நக்குல, என் ராசா.

வழிஞ்சு துண்டுல போவுது. இரு, தொடைக்கேன். இன்னொரு வாட்டி.

கூப்பிடுதாவளா? எங்க வீட்டுக்காரவ சத்தம்தான். கதவத் தொறந்துக்கிட்டு நிக்காவளா? நான் திரும்பிப் பாக்கல, நீயே பாத்துச் சொல்லு. 'இந்தா வாரோம்! சாப்பிட்டுக்கிட்டு இருக்கான், நடுவுல எழுப்பக் கூடாது, இப்ப முடிச்சிருவான்!' கேட்டுச்சா அவ்வோளுக்கு? அங்கனயேதான் நிக்காவளா? எம் பேச்ச இங்க யாரும் நம்ப மாட்டாவ தாயி. நீ வெளியாளு, நீ சொன்னா நம்புவாவ. ஒரு வார்த்த சொல்லேன். சாப்பிடுதான்னு சொல்லு.